ஒரே இரவில் ஐந்து கடல்மீன்கள் இறந்தது ஏன்?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். முன்னறையில் நான்கு அடி நீளமும் 300 லிட்டர் கொள்ளளவும் உள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்றை 14 மாதங்களாகப் பராமரித்து வருகிறேன். அதில் ஒரு பவுடர் ப்ளூ டேங் மீன், ஒரு குட்டை ஏஞ்சல் மீன், இரண்டு க்ரோமிஸ் மீன்கள், இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கோபி மீன், இரண்டு க்ளீனர் இறால்கள், நத்தைகள், சில மென்பவளங்கள் இருந்தன. தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வீடு நிறைய உறவினர்கள். மாலை ஆறு மணிக்கு என் தாயார் சாம்பிராணி போட்டார். ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் மீன்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே இரை போட்டார்கள். எல்லா மீன்களும் நன்றாகச் சாப்பிட்டன. இரவு பதினொரு மணிக்குப் போன மின்சாரம் அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன்புதான் வந்தது. ஐந்தரை மணிக்கு எழுந்து பார்த்தால் டேங் விறைத்துக் கிடந்தது. ஏஞ்சலும் க்ரோமிஸ் இரண்டும் இறந்திருந்தன. கோமாளி மீன்கள் மேலே நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றில் ஒன்று எட்டு மணிக்கு இறந்தது. நீர் சற்றுக் கலங்கி, அழுகிய முட்டை போல லேசாக நாறியது. வெப்பநிலை 30 டிகிரி. இறால்கள் இரண்டும் நீர்மட்டத்தை ஒட்டி உயிரோடு இருந்தன. நத்தைகள் எல்லாம் கண்ணாடியின் மேல்விளிம்புக்கு ஏறியிருந்தன. நண்பகலில் சோதித்தபோது அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டியது. அம்மோனியா விஷம்தான் காரணம், நோயும் இருக்கலாம், தொட்டியைக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்கித் தாமிர மருந்து போடுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். தன் சாம்பிராணிப் புகைதான் மீன்களைக் கொன்றது என்று நம்பி என் தாயார் அன்றிலிருந்து முன்னறையில் விளக்குக்கூட ஏற்றுவதில்லை. ஒன்பது நாட்களாகியும் எனக்குக் காரணம் விளங்கவில்லை. படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

கடைசியில் நீங்கள் எழுதியிருப்பதற்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். உங்கள் மீன்களைச் சாம்பிராணிப் புகை கொல்லவில்லை. புகை போட்டு மூன்று மணி நேரம் கழித்து எல்லா மீன்களும் நன்றாக இரை எடுத்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; நச்சு ஏறிய மீன் முதலில் விடுவது இரையைத்தான். அதைவிட வலுவான சாட்சி உங்கள் இரண்டு இறால்கள். காற்றின் வழியாகத் தொட்டிக்குள் போகும் பூச்சிமருந்தானாலும், நீரில் கலந்துவிட்ட தாமிரமானாலும், மீன்களுக்கு முன்பாக இறாலைத்தான் வீழ்த்தும். மீன்கள் இறந்து இறால்கள் பிழைத்திருப்பதால், வீட்டில் நிகழக்கூடிய நஞ்சுகளில் பெரும்பாலானவற்றை ஒரேயடியாக விலக்கிவிடலாம். இந்தப் பத்தியைத் தயவுசெய்து உங்கள் தாயாருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஏர் பம்ப் காற்றை இழுக்கும் இடம் புகைக்கு நேரே இல்லாதபடி சற்றுத் தள்ளி வைத்தால் போதும். அவர் வழக்கம்போல விளக்கேற்றிச் சாம்பிராணியும் போடலாம். கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரேயை மட்டும் அந்த அறையில் ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்தது அம்மோனியா. சோதனை காட்டிய எண் சரி, அதிலிருந்து கடைக்காரர் எடுத்த முடிவு சரியில்லை. நீங்கள் சோதித்தது நண்பகலில். அதற்குள் சில மீன்கள் 30 டிகிரி நீரில் மணிக்கணக்கில் கிடந்துவிட்டன. பிள்ளைகள் போட்டு மிஞ்சிய இரையும் அடியில் ஊறிக்கொண்டிருந்தது. இவ்வளவும் அழுகினால் எந்தத் தொட்டியிலும் அம்மோனியா ஏறும். ஆகவே அந்த 1 பிபிஎம் சாவுக்குப் பின் வந்தது. நீங்கள் அனுப்பிய குறிப்பேட்டுப் பக்கத்தில் சாவுக்கு மூன்று நாட்களுக்கு முன் அம்மோனியா பூஜ்யம் என்று இருக்கிறது. 14 மாதங்கள் ஓடிப் பழகிய தொட்டியில், ஒரு வேளை இரை கூடிப்போனதால் சில மணி நேரத்துக்குள் ஐந்து மீன்களைக் கொல்லும் அளவுக்கு அம்மோனியா சேர்ந்துவிடாது. மேலும் சோதனைக் குப்பி காட்டுவது மொத்த அம்மோனியாவை. கடல்நீரின் காரத்தன்மையில் அதில் நச்சான வடிவத்தில் இருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் மாற்றும்போது உண்டாகும் நைட்ரைட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நன்னீர் மீன்களை அது கொல்லும் என்பது உண்மை. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே நுழைவதைத் தடுத்துவிடுவதால், நீங்கள் பார்த்த சிறிய அளவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

திடீர்ச் சாவு என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் சோதனைக் குப்பிகளை எடுக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: எந்த மீன் முதலில் இறந்தது, எது கடைசியில் இறந்தது, எது பிழைத்தது, பிழைத்தவை அப்போது எங்கே இருந்தன? குப்பி காட்டுவது சோதித்த நேரத்து நீரை மட்டும். நடந்தது என்ன என்பது இறந்தவற்றின் வரிசையிலும் பிழைத்தவை நின்ற இடத்திலும்தான் பதிவாகியிருக்கும். உங்கள் கடிதத்தில் இவை அனைத்தும் இருக்கின்றன. நோயறிதலுக்கு நான் வைத்துக்கொள்வது அவற்றைத்தான்.

முதலில் போனது டேங். காலை ஐந்தரைக்கே விறைத்திருந்ததால், அது இறந்து சற்று நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பவளப்பாறைகளின் மேல் நாள் முழுவதும் நீந்தித் திரியும் மீன் அது; தொட்டியில் உடல் பெரிதாக இருந்ததும் அதுவே, மூச்சுக்கு அதிகம் தேவைப்பட்டதும் அதுவே. ஏஞ்சலும் க்ரோமிஸும் அதன் பின்னால் போயின. கோமாளி மீன்கள் நெடுநேரம் தாக்குப்பிடித்தன. கோபிக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபி இனங்களில் பல, பவளக் கிளைகளின் இடுக்கில் இரவைக் கழிப்பவை; இருட்டியதும் பவளமும் பாசியும் ஆக்சிஜனை உறிஞ்சத் தொடங்குவதால் அந்த இடுக்குகளில் இரவு நேரத்தில் ஆக்சிஜன் மிகவும் குறையும், அதைத் தாங்கும் உடல் அவற்றுக்கு இயல்பாகவே உண்டு. இறால்கள் நீர்மட்டத்தை ஒட்டி நின்றன, நத்தைகள் மேல்விளிம்புக்கு ஏறின. அடியில் மூச்சுக்கு வழியில்லாதபோதுதான் இவை எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வரும். நீங்கள் அனுப்பிய படத்தில் டேங்கின் வாய் அகலத் திறந்திருக்கிறது, செவுள்மூடிகள் இரு பக்கமும் விரிந்து நிற்கின்றன. மூச்சுத்திணறி இறந்த மீன் இப்படித்தான் கிடக்கும்.

எனவே என் முடிவு இது: மின்சாரம் நின்ற அந்த ஐந்து மணி நேரத்தில் தொட்டியின் ஆக்சிஜன் தீர்ந்துபோனதே சாவுக்கு முதற்காரணம். மின்சாரம் திரும்பியபோது வேறொன்றும் நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாறையும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்தால் உங்கள் 300 லிட்டர் தொட்டியில் நீர் ஏறத்தாழ 250 லிட்டர். 30 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 6.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். நன்னீர் என்றால் 25 டிகிரியில் 8.2 மில்லிகிராமுக்கு மேல் பிடித்துக்கொள்ளும். உப்பு ஏற ஏறவும், சூடு ஏற ஏறவும் அது குறைந்துகொண்டே போகும். ஆக, உங்கள் தொட்டி நீர் முழுவதிலும் அன்றிரவு இருந்தது ஒன்றரை கிராம் ஆக்சிஜன். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்கள் மூன்றில் அடைபடும் காற்றில் அவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது. இந்தச் சிறு கையிருப்பைத்தான் ஏழு மீன்களும், இறால்களும், பவளங்களும், விளக்கணைந்த பிறகு ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிட்ட பாசிகளும், பாறைக்குள் வாழும் எண்ணிலடங்காத பாக்டீரியாக்களும், கூடுதலாகப் போட்ட இரையைச் சிதைக்கும் கிருமிகளும் பங்குபோட்டுக்கொண்டன. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் வரை இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் செலவான ஆக்சிஜன் நொடிக்கு நொடி மேற்பரப்பு வழியாகத் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

தொட்டியின் கண்ணாடி மூடியைத் திறந்து வைக்காததால் இப்படி ஆனதோ என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்கிறீர்கள். மூடியின்மேல் நான் பழி போடமாட்டேன். மூடிக்குக் கீழே இருந்த காற்றிலேயே போதிய ஆக்சிஜன் இருந்தது. அது நீருக்குள் இறங்கவில்லை என்பதுதான் சிக்கல். அசையாத நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மேலே ஒரு மெல்லிய ஏடு அளவுக்கு நல்ல நீர் இருந்திருக்கும்; அதற்குக் கீழே ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. இறால்களும் நத்தைகளும் பிழைத்தது அந்த ஏட்டில்தான்.

2023ஆம் ஆண்டு, லோட் ஷெடிங் என்னும் சுழற்சி முறை மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்தபோது, டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு வீட்டுக்கு இரவு நேரத்தில் என்னை அழைத்தார்கள். டார்ச் ஒளியில் பார்த்தேன். மீன்கள் எல்லாம் தலையை மேலே தூக்கி, நீர்ப்பரப்பில் வாய் மட்டும் படும்படி வரிசையாக நின்றன. ஒரு நத்தை நீரைவிட்டு இரண்டு விரல் உயரம் வெளியே ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் கருவி எதுவும் இல்லை. சமையலறையிலிருந்து ஒரு ஜக்கை வாங்கி, தொட்டி நீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்காது, மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அன்று அந்த வீட்டில் ஒரு மீனும் சாகவில்லை. உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் எல்லோரும் உறக்கத்தில் இருந்தீர்கள். அதற்காக யாரையும் குறை சொல்ல இடமில்லை.

இப்போது இரண்டாவது விஷயம். நான்கு மணிக்கு முன்பே மின்சாரம் வந்து பம்புகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆக்சிஜன் குறைவு ஒன்றே காரணமாக இருந்திருந்தால், அதுவரை உயிரோடு இருந்த கோமாளி மீன்கள் ஐந்தரை மணிக்குள் தெளிந்திருக்க வேண்டும். அவை தெளியவில்லை, ஒன்று எட்டு மணிக்கு இறந்தும் போனது. அந்த நாற்றத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தொட்டி நீரைச் சுத்திகரிக்கும் உங்கள் கேனிஸ்டர் ஃபில்டர் மேல் வலுவான சந்தேகம் எழுகிறது. மூடி இறுக்கப்பட்ட அந்தப் பெட்டிக்குள் பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நீரோட்டம் நின்றதும் உள்ளே இருக்கும் சில லிட்டர் நீரின் ஆக்சிஜனை அவை விரைவில் தீர்த்துவிடும். பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகள் வேலையைத் தொடங்கும். அவற்றால் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அழுகிய முட்டை போல நாறும். அது மிகச் சிறிய அளவிலேயே மீனின் மூச்சை முடக்கிவிடும். மின்சாரம் திரும்பிய அந்தக் கணத்தில் பம்ப் தானாக ஓடத் தொடங்கி, பெட்டியில் தேங்கியிருந்த நீரைத் தொட்டிக்குள் தள்ளியிருக்கிறது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த மீன்களுக்கு இது இன்னொரு அடி. முதற்காரணத்தைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. இதை, நீங்கள் சொன்ன நாற்றத்தை வைத்து நடந்திருக்கக் கூடியது என்று சொல்கிறேன்.

நோயைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதையும் நான் தள்ளிவிட்டுப் போகக் கூடாது, ஏனென்றால் இறால்களையும் நத்தைகளையும் தொடாமல் மீன்களை மட்டும் ஓரிரு நாட்களில் அடியோடு வாரிக்கொண்டு போகும் நோய் ஒன்று உண்மையிலேயே உண்டு. அதற்கு வெல்வெட் என்று பெயர். அமிலூடினியம் என்னும் ஒட்டுண்ணியால் வருவது, முதலில் செவுளைத் தாக்குவது. உங்கள் தொட்டியில் அது இருந்திருந்தால், முந்தைய ஓரிரு நாட்களிலேயே மீன்கள் வேகவேகமாக மூச்சு விட்டிருக்கும், பம்ப் நீரைத் தள்ளும் இடத்தில் போய் நின்றிருக்கும், இரையை மறுத்திருக்கும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் உடலில் பொன்தூள் தூவியது போலத் தெரிந்திருக்கும். உங்கள் மீன்களோ இரவு ஒன்பது மணி வரை விரும்பிச் சாப்பிட்டன. கடைசியாகப் புதுமீன் விட்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன. பிழைத்த கோமாளி மீனும் கோபியும் ஒன்பது நாட்களாகத் தெளிவாக நீந்தி இரையெடுக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் வெல்வெட் ஒட்டுண்ணி ஒரு சுற்று பெருகி முடிக்க அதற்குக் குறைவான நாட்களே போதும். ஆகவே அந்த நோயை நான் ஏற்கவில்லை. ஆயினும் இன்னும் இரண்டு வாரங்கள், தினமும் காலையில் விளக்கைப் போடுவதற்கு முன், டார்ச்சுடன் அந்த இரண்டு மீன்களின் மூச்சையும் தோலையும் பார்த்து வாருங்கள்.

தாமிர மருந்தை அந்தத் தொட்டியில் ஒரு சொட்டுகூட விட வேண்டாம். இந்த இரவைத் தாண்டி வந்த இறால்களையும் நத்தைகளையும் அது கொன்றுவிடும்; பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு நெடுநாள் சிறிது சிறிதாக வெளிவிடவும் கூடும். தொட்டியைக் கழுவிப் புதிதாகத் தொடங்குவதும் வேண்டாம். 14 மாதங்களில் பாறையில் வளர்ந்த பாக்டீரியாக்கள்தான் உங்கள் தொட்டியின் உண்மையான சொத்து. அவற்றைக் கழுவிவிட்டால், மிஞ்சியிருக்கும் இரு மீன்களும் அப்போதுதான் நிஜமாகவே அம்மோனியாவில் சிக்கும். அதற்குப் பதிலாக நீரில் கால் பங்கை மாற்றி, மூன்று நாள் இடைவெளி விட்டு இன்னொரு கால் பங்கை மாற்றுங்கள். புது நீரை முந்தைய நாளே கலக்கி, ஏர் பம்ப் போட்டு ஓடவிட்டு, ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025க்கும் வெப்பம் தொட்டிக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே ஊற்ற வேண்டும். கேனிஸ்டரைத் திறந்து, பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த கடல்நீரிலேயே அலசுங்கள். குழாய் நீர் படக்கூடாது. நீரைச் சுத்திகரிக்கும் கரி நிரப்பிய புதிய பை ஒன்றை உள்ளே போட்டுவையுங்கள். ஒரு வாரம் தினமும் அம்மோனியா பார்த்தால் போதும். இரை ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை.

சில சமயம் கடற்கரையிலிருந்தே நீர் மொண்டு வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சாவுக்கு அது காரணம் இல்லை என்றாலும், அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் அமைப்புகள் சேதமடைந்த பின் நம் கடற்கரைகள் அசுத்தம் காரணமாக எத்தனை முறை மூடப்பட்டன என்பது உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் உம்கெனி ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து செந்நிற நீர் கடலில் பரவுவதையும் பார்த்திருப்பீர்கள். உப்புத்தூளைச் சுத்திகரித்த நீரில் கரைத்துப் பயன்படுத்துவதே நல்லது.

இனி மின்சாரம் போகும் இரவுகளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். லோட் ஷெடிங் தணிந்துவிட்டாலும் ஒயர்த் திருட்டாலும் துணை மின்நிலையப் பழுதாலும் மணிக்கணக்கில் மின்சாரம் போவது நிற்கவில்லை. மின்சாரம் நின்ற அதே நொடியில் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்புகள் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கி, குமிழிகளை உண்டாக்கும் கல்லான ஏர் ஸ்டோனைத் தொட்டியின் நடுவில் வைத்துவிடுங்கள். நீங்கள் விழித்திருந்தால்தான் வேலை செய்யும் எந்த ஏற்பாடும் இரவில் உதவாது. கேனிஸ்டரின் பிளக்கைத் தனி சுவிட்சில் மாட்டுங்கள். மின்வெட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டால் அதை அணைத்துவிட்டு, உள்ளே தேங்கிய நீரைக் கொட்டி, பஞ்சை அலசிய பிறகே மீண்டும் ஓடவிட வேண்டும். கோடைக் காலத்தில் இரவு இரையைத் தவிர்த்து மாலையிலேயே கொடுத்துவிடுங்கள். விருந்தினர் வரும் நாட்களில் இரை டப்பாவை உயரமான அலமாரியில் வைப்பது நல்லது. வீட்டில் ஒரு ஜக் எப்போதும் தொட்டிக்கு அருகிலேயே இருக்கட்டும், மற்றவர்களுக்கும் அதைக் கொண்டு செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொரு பவுடர் ப்ளூ டேங் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நம் இந்தியப் பெருங்கடலின் அழகான மீன்களில் அது ஒன்று, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு சாணுக்கு மேல் வளரக்கூடிய, ஓயாமல் நீந்துகிற மீனுக்கு நான்கு அடித் தொட்டி சிறைதான், மூச்சுக்கு முதலில் தவிப்பதும் அதுவாகவே இருக்கும். ஆறு வாரங்கள் எந்த மீனும் வாங்காமல் இருங்கள். அதன் பிறகு கோமாளி மீனுக்கு ஒரு சிறிய துணையையும், இன்னொரு கோபியையும், ஒவ்வொன்றாக, தனித்தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பார்த்த பின்பு விடலாம். மீண்டும் எப்போதாவது ஒரு மீன் இறந்தால், அதை ஃப்ரீசரில் வைக்காமல் ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டு ஐஸ் மேல் வைத்து, சில மணி நேரத்துக்குள் மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உறைந்துவிட்ட செவுளை நுண்ணோக்கியில் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

பேட்டரி பம்ப் வந்ததும், வரும் சனிக்கிழமை பகலில் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தொட்டிக்கு முன் ஒரு நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். பம்ப் தானாக ஓடுகிறதா, குமிழிகள் நீர்ப்பரப்பு முழுவதையும் அசைக்கின்றனவா, நத்தைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா, கோமாளி மீன் நடுநீரில் நிற்கிறதா என்று பாருங்கள். அது மேலே வரத் தொடங்கினால் அந்த பம்ப் உங்கள் தொட்டிக்குப் போதாது. இரண்டாவதாக ஒன்றை மறு மூலையில் வையுங்கள்.